செல்லாக் காசுக்கும் ஒரு மதிப்பு

ஒருவரைப் பார்த்து "செல்லாக் காசு" என்று சொன்னால் அது வசவு. எதற்கும் உதவாதவர் என்று அர்த்தம். ஆனால் கையிலிருந்து பணம் கொடுத்து, நல்ல காசைச் செல்லாக் காசாக்கி, அதைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள்தான். அவளிடம் இருபத்து மூன்று செல்லாக் காசுகள் சேர்ந்திருக்கின்றன. அத்தனையும் வெளிநாட்டு விமான மியூசியங்களிலிருந்து வந்தவை.

"இதென்ன வேண்டாத வேலை?" என்று கேட்கும் சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நிறைய விஷயம் இருக்கிறது. தாய்மார்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய ஆபத்தும் ஒன்று இருக்கிறது.

அழுத்திய காசு என்றால் என்ன?

கரும்புச் சாறு பிழியும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு உருளைகளுக்கு நடுவே கரும்பைக் கொடுத்தால் மறுபக்கம் சக்கையாக வந்து விழும். எங்கள் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்வதானால், காலண்டரிங் மெஷினில் பனியன் துணி உருளைகளுக்கு நடுவே போய் வருகிறதல்லவா, அது மாதிரி. இதில் கரும்புக்கும் துணிக்கும் பதிலாகக் காசு போகிறது. ஓர் உருளையில் படத்தைச் செதுக்கி வைத்திருப்பார்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, வட்டக் காசு நசுங்கி நீண்டு, முட்டை வடிவத்தில் வெளியே வரும். அதன் மேல் ஒரு விமானமோ ராக்கெட்டோ பதிந்திருக்கும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சென்ட் காசைத்தான் போடுவார்கள். மெஷினுக்குக் கூலி இரண்டு கால் டாலர் காசுகள். ஆக மொத்தம் ஐம்பத்தோரு சென்ட். நம் பணத்தில் ஐம்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். இப்போது பல இடங்களில் கூலி ஒரு டாலர் ஆகிவிட்டது. அப்படியும் மியூசியத்துக் கடையில் இதைவிட மலிவாக ஒரு ஞாபகப் பொருள் கிடைப்பது கஷ்டம்.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த நானூறாவது ஆண்டைக் கொண்டாட 1893-ல் சிகாகோவில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. விவேகானந்தர் பேசிய சர்வமத மகாசபையும் அந்தப் பொருட்காட்சியை ஒட்டித்தான் கூடியது. அங்கேதான் இந்த அழுத்திய காசுகள் ஜனங்களிடையே பிரபலமாயின. இவற்றைச் சேர்ப்பவர்களுக்கென்றே அமெரிக்காவில் 1966-ல் ஒரு சங்கமும் தொடங்கினார்கள்.

காசு வந்த வழி

திருப்பூரில் பனியன் போகாத தேசமில்லை. அதனால் ஆர்டர் விஷயமாக வெளிநாடு போய் வருகிறவர்களும் இங்கே தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். என் தம்பி ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையரைப் பார்க்கப் போகிற இடத்தில் அரை நாள் ஓய்வு கிடைத்தால் விமான மியூசியத்துக்குப் போய்விடுவான். சின்ன வயதில் சூலூர் விமானப்படைத் தளத்துப் பக்கம் விமானம் பறந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவன் அவன். மருமகளுக்கு மாமன் சீராக சாக்லேட்டுக்குப் பதில் இந்தக் காசுகளைக் கொண்டுவர ஆரம்பித்தான்.

முதலில் வந்தது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து. அங்குள்ள தேசிய விமான, விண்வெளி மியூசியம் 1976 ஜூலை 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-ஆம் தேதி பறக்கவிட்ட அதே விமானம் அங்கே இருக்கிறது. இந்த மியூசியத்தின் இன்னொரு பிரிவு டல்லஸ் விமான நிலையத்தருகே 2003-ல் திறக்கப்பட்டது. விண்வெளிக்குப் போய்வந்த டிஸ்கவரி ஓடத்தை 2012 முதல் அங்கே வைத்திருக்கிறார்கள். பிறகு லண்டன் ஹெண்டனில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை மியூசியம், ஜெர்மனியில் சின்ஸ்ஹைம் என்று வரிசையாக வந்தன. ஒலியை விட வேகமாகப் பயணிகளை ஏற்றிச் சென்றவை உலகில் இரண்டே வகை விமானங்கள். ஒன்று கான்கார்ட், மற்றது ரஷ்யாவின் டுபோலெவ் 144. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கூரைமேல் நிறுத்தி வைத்திருக்கிறது சின்ஸ்ஹைம் மியூசியம்.

ஒவ்வொரு காசு வரும்போதும் மகள் அட்லஸைத் திறந்து ஊரைத் தேடுவாள். ஒரு நோட்டில் ஊர், ஆண்டு, விமானத்தின் பெயர், அது என்ன செய்தது என்று எழுதுவாள். பூகோளப் பாடத்தை நான் உட்கார்ந்து ஒப்பிக்க வைக்கிற வேலை குறைந்தது.

உலோகப் பாடமும் இதில் உண்டு. அமெரிக்க சென்ட் 1982-ன் நடுப்பகுதி வரை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு செம்பு. அதன் பிறகு உள்ளே துத்தநாகம், மேலே செம்புப் பூச்சு மட்டும். புதுக் காசை அழுத்தினால் பூச்சு கிழிந்து வெள்ளைக் கோடுகள் தெரியும். பழைய காசு பளிச்சென்று ஒரே நிறமாக வரும். அதனால் அனுபவசாலிகள் 1982-க்கு முந்தைய காசுகளைத் தேடி எடுத்துக்கொண்டு போவார்களாம். ஐரோப்பாவின் ஐந்து சென்ட்டில் உள்ளே இருப்பது இரும்புச் சத்துள்ள எஃகு. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஐரோப்பியக் காசு ஒட்டிக்கொள்ளும், அமெரிக்கக் காசு ஒட்டாது. பிள்ளைகள் ஒரு மத்தியானம் முழுக்க இதைச் செய்து பார்த்தார்கள்.

முதல் விமானமும் உள்பாவாடைத் துணியும்

நோட்டில் எழுதுவதற்காக மகள் படித்துச் சொன்னதில் என்னை அசத்தியது ஒரு விஷயம். ரைட் சகோதரர்களின் முதல் விமானத்துக்கு இறக்கை எதனால் செய்தார்கள் தெரியுமா? மரச் சட்டத்தின் மேல் பருத்தித் துணி! அமெரிக்கக் கடைகளில் பெண்களின் உள்பாவாடை, உள்ளாடை தைக்க விற்ற சாதாரண மஸ்லின் துணிதான் அது. அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் செய்த கிளைடருக்கு அண்ணன் வில்பர் தையல் மெஷினில் உட்கார்ந்து மணிக்கணக்கில் தைத்தார். தம்பி ஆர்வில் தரையில் குந்தி உட்கார்ந்து தைக்க வேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுத்தார்.

அந்த முதல் விமானத்தின் துணியில் சிறு துண்டுகளை 1969-ல் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் சந்திரனுக்கு எடுத்துச் சென்றார். 2021-ல் செவ்வாய் கிரகத்தில் பறந்த குட்டி ஹெலிகாப்டரிலும் அதே துணியில் ஒரு துணுக்கை ஒட்டி அனுப்பினார்கள். உள்ளாடைத் துணி என்றால் இளப்பமாகப் பேசுகிறவர்களுக்கு, அந்த உள்ளாடையை நம்பியே வாழ்கிற ஊர்க்காரி நான் இதைச் சொல்லாமல் விடுவேனா?

தண்டவாளத்தில் வைத்த ஒரு ரூபாய்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் லைன் வீடுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் குடியிருக்கும் பெண் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஒரே பையன், ஏழாம் வகுப்பு. என் மகளோடு உட்கார்ந்து காசுகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்ப்பான். அவனுக்கு வெளிநாட்டு மாமன் கிடையாது. ஆனால் காசு எப்படி நசுங்குகிறது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் அவனும் இன்னும் இரண்டு பையன்களும் ஈரோடு, கோவை ரயில் பாதையில் போய், தண்டவாளத்தின் மேல் ஒரு ரூபாய்க் காசுகளை வரிசையாக வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். பாதையில் வேலை செய்துகொண்டிருந்த டிராக்மேன் ஒருவர் பார்த்துவிட்டு, மூன்று பேரையும் இழுத்து வந்து மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். நொடியில் எதிர்ப்பக்கத்துப் பாதையில் ஒரு எக்ஸ்பிரஸ் போனதாம். அந்தப் புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

தாய்மார்களே, இதை வீட்டில் கட்டாயம் சொல்லுங்கள். இப்போது ஓடுவது மின்சார ரயில். பழைய எஞ்சின் மாதிரி தூரத்திலேயே சத்தம் கேட்காது. ஒரு பாதையில் வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது இன்னொரு பாதையில் வருவது தெரியாது. சக்கரம் ஏறிய காசு வைத்த இடத்திலேயே கிடக்கும் என்று நிச்சயமில்லை. தெறித்துக் கண்ணிலோ முகத்திலோ பாயலாம். ரயில் பாதையில் அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறைவாசம் உண்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் யாரையும் ஏமாற்றும் எண்ணமில்லாமல் காசை நசுக்கினால் தப்பில்லை. நம் நாட்டில் அப்படியில்லை. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் அழிப்பதும் தண்டனைக்குரிய குற்றம். ஜப்பானிலும் காசைச் சேதப்படுத்தத் தடை உண்டு. அதனால் அங்கே சுற்றுலா இடங்களில் ஞாபகார்த்தமாகக் கிடைப்பது நாணயமே இல்லை, தனியாகச் செய்த பதக்க வில்லைதான்.

அன்று ராத்திரி பையனின் அம்மா ஷிப்ட் முடிந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு கையை இறக்கிவிட்டு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "அவன் ஆசைப்பட்டதுல என்னங்கக்கா தப்பு? ஏரோப்பிளேன் படம் போட்ட குழந்தைப் பனியன் போன வாரம் பூரா என் கையில்தான் செக்கிங் ஆச்சு. அது ஜெர்மனிக்குப் போயிருச்சுங்க. நான் இன்னும் பெங்களூர்கூடப் பார்த்ததில்லீங்க" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மைதானே! நம் பெண்கள் நூல் பிசிறு வெட்டி, மடித்து, பெட்டியில் அடுக்கி அனுப்புகிற துணி ஏறாத கப்பலில்லை. அதைத் தொட்ட கைகள் ஊரைத் தாண்டுவதில்லை. அழுத்திய காசுக்கு என்ன மதிப்பு என்று கேட்டால், "நான் அங்கே போயிருந்தேன்" என்று சொல்வதுதான் அதன் மதிப்பு. பையன் ஆசைப்பட்டது நசுங்கிய காசுக்கு இல்லை, போய்வந்தேன் என்று சொல்ல ஒரு அத்தாட்சிக்கு.

பெங்களூருக்கு ஒரு பயணம்

மே மாத விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, அவள் வாரச் சம்பளம் வாங்கி வந்ததும், நாங்கள் இரண்டு பெண்களும் இரண்டு பிள்ளைகளுமாக இரவு ரயில் ஏறினோம். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டோம். டிக்கெட்டுக்கு அவரவர் பணம் அவரவர் போட்டோம். அவள் பிடிவாதமாக அப்படித்தான் வேண்டுமென்றாள்.

பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் விமான மியூசியம் இருக்கிறது. அந்த நிறுவனம் 1940-ல் வால்சந்த் ஹிராசந்த் என்ற தொழிலதிபரின் முயற்சியில், மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவோடு தொடங்கியது. மியூசியம் 2001-ல் ஏற்பட்டது. நம் நாட்டிலேயே உருவாக்கிய முதல் போர் ஜெட் விமானம் மாருத். 1961 ஜூன் மாதம் முதன்முதலில் பறந்த ரகம். அதைக் கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தோம். பையன் வாயைத் திறக்கவில்லை, சுற்றிச் சுற்றி வந்தான். அவன் அம்மா இறக்கையின் ஆணி வரிசையைக் கண்ணாலேயே எண்ணிக்கொண்டு போனாள். "ஒண்ணுகூட விடுபடலீங்கக்கா. நல்ல செக்கிங்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ தொண்டையும் அடைத்தது.

நுழைவுச் சீட்டைப் பையன் ரயிலில் வரும்போதே நோட்டில் ஒட்டிவிட்டான். கீழே தேதி போட்டு, "நானும் அம்மாவும்" என்று எழுதினான். அவனுடைய சேகரிப்பில் முதல் பொருள் அதுதான்.

காசை நசுக்காமல் என்ன சேர்க்கலாம்?

நம் நாட்டு விமானங்களுக்கும் ஞாபகப் பொருள்கள் உண்டு. 1911 பிப்ரவரி 18-ஆம் தேதி அலகாபாத்திலிருந்து ஆற்றுக்கு அக்கரையிலுள்ள நைனிக்கு ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் விமானத்தில் தபால் மூட்டையைக் கொண்டு போனார். சுமார் ஆறாயிரத்து ஐந்நூறு கடிதங்கள். உலகத்தில் அரசாங்க முறைப்படி நடந்த முதல் விமானத் தபால் அதுதான். அந்தக் கடிதங்களில் குத்திய தனி முத்திரையை இன்றும் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். நம் சிவில் விமானத்துறைக்கு நூறு ஆண்டு நிறைந்ததைக் குறிக்க அரசாங்கம் ஐந்து ரூபாய் நாணயமே வெளியிட்டது. நுழைவுச் சீட்டு, படத் தபால் அட்டை, தபால் தலை என்று பத்து இருபது ரூபாயில் ஆரம்பிக்கலாம்.

அழுத்திய மாதிரியே வேண்டுமென்று சின்னக் குழந்தைகள் கேட்டால் இரண்டு வழி இருக்கிறது. காசின் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தால் படம் அப்படியே தாளில் எழும். இல்லாவிட்டால் சமையலறை அலுமினியத் தாளை நாலாக மடித்துக் காசின் மேல் போர்த்தி, துணி சுற்றிய விரலால் அழுத்தினால் வெள்ளிக் காசு மாதிரியே இருக்கும். காசுக்கும் சேதமில்லை, சட்டத்துக்கும் விரோதமில்லை.

பாதுகாக்கச் சில யோசனைகள்

செம்புச் சொம்பை விளக்குகிற பழக்கத்தில் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு இரண்டு நாள்தான். மேல் பூச்சும் படத்தின் நுணுக்கமும் போய்விடும். தூசி இருந்தால் மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

காசின் முகத்தைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுக்கப் பழக்குங்கள். கை வியர்வையிலுள்ள உப்பு செம்பைக் கறுக்க வைக்கும்.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் செம்பில் கறை பிடிக்கும். மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளிலும் வைக்க வேண்டாம், நாளடைவில் பச்சை பிடிக்கும். தாள் உறை நல்லது. நான் கட்டிங் வேஸ்ட்டில் வரும் சாயம் போடாத வெள்ளைப் பனியன் துணியைத் துவைத்து நன்றாகக் காயவைத்து, சின்னச் சின்னப் பைகளாகத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் கைக்குழந்தையோ தவழும் குழந்தையோ இருந்தால் பெட்டி அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்க வேண்டும். அழுத்திய காசின் ஓரம் மெல்லியது, கீறும். சாதாரணக் காசையோ வாயில் போட்டுக்கொள்ளும்.

குழந்தை காசை விழுங்கிவிட்டால், வாழைப்பழமும் சோற்று உருண்டையும் கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். எக்ஸ்ரே எடுத்தால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் தானே வெளியேறிவிடும், ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். விழுங்கியது காசா, கடிகாரத்தில் போடும் பொத்தான் பேட்டரியா என்று சந்தேகம் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. அந்தப் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக் குழாயை அரித்துவிடும். மூச்சுத் திணறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

காசைக் காசாக மட்டும் பார்க்காத வழக்கம் நமக்குப் புதிதில்லை. நம் பாட்டிமார் கழுத்தில் போட்டது காசு மாலைதானே? கோவைப் பக்கம் வெள்ளலூரில் ரோமானியர்களின் வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. தென்னாட்டில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் சிலவற்றில், நகையாகக் கோத்துக்கொள்ளத் துளை போட்டிருக்கிறார்கள். கடல் தாண்டி வந்த காசைச் செலவழிக்க மனமில்லாமல் பத்திரப்படுத்தியவர்கள் அன்றைக்கும் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள்.

அமெரிக்கா 2025 நவம்பரில், புழக்கத்துக்கான ஒரு சென்ட் அச்சடிப்பதையே நிறுத்திவிட்டது. ஒரு சென்ட் காசைச் செய்ய ஏறக்குறைய நாலு சென்ட் செலவாகிறதாம். செய்தியைப் படித்துவிட்டு என் மகள், "இனிமேல் என் காசுக்கு விலை ஏறுமா அம்மா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த பையன் முந்திக்கொண்டான். "ஏறினா மட்டும் வித்துருவியா அக்கா?" என்றான். அவள் பெட்டியை மூடி மேல்தட்டில் வைத்தாள்.

இந்த வருஷம் அந்தப் பையனின் அம்மா மாதம் நூறு ரூபாய் தனியே எடுத்து வைக்கிறாள். அடுத்தது விசாகப்பட்டினமாம். கடற்கரையில் கடற்படையின் பெரிய விமானம் ஒன்றை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். 2017-ல் திறந்தது, உள்ளேயே ஏறிப் பார்க்கலாம். என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். புளிசாதம் இந்த முறை அவள் கட்டிக்கொண்டு வருகிறாளாம்.